லேனா நதிக்கரையில் கவனித்த குறைபாடுகள்

மெல்பேர்ணில் கார்னகி ரயில் நிலையத்துக்கு அருகே ரஷ்யப் பண்டங்கள் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. கிளேட்டனில் வசிக்கும் எனக்கு அது ரயிலில் சில நிலையங்கள் தள்ளிய தூரந்தான். மாதம் ஒரு முறை அங்கே போய்வருவது என் வழக்கம். ஒரு கறுப்புப் பாண், ஒரு போத்தல் வெள்ளரி ஊறுகாய், மனைவியின் முகச்சுளிப்பின் அளவைப் பொறுத்து ஒரு புகையூட்டிய மீன், இவ்வளவுதான் வாங்குவேன். உண்மையைச் சொன்னால் நான் பண்டங்களுக்காகப் போவதில்லை. கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து மோதும் மணத்துக்காகப் போகிறேன். புளித்த மாவும் மரப்புகையும் சதகுப்பை இலையும் கலந்த அந்த மணம் என்னுடைய இருபத்து மூன்றாம் வயதை ஒரு கணம் கையில் தந்துவிட்டு உடனே பறித்துக்கொள்ளும்.

சென்ற ஆடி மாதத்தில், இங்கே அது நடுக்குளிர்காலம், ஒரு காலை. வெளியே நான்கு பாகைக் குளிர். ரயில் மேடையில் நின்றவர்கள் உலகம் முடியப்போகிறது என்பதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்துத் துண்டுகூட இல்லாமல் நிமிர்ந்து நின்றேன். இந்த நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் என்னை ‘சைபீரியா அங்கிள்’ என்று அழைப்பவர்கள். அப்படிப்பட்டவன் மெல்பேர்ண் குளிருக்கு நடுங்குவதை யாராவது கண்டுவிட்டால் என் பெயர் என்ன ஆவது? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருமியது வேறு விடயம். அதை நண்பராகிய உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கடையில் அன்று புதிதாக ஒரு பெண் நின்றாள். அகன்ற கன்னமும் ஒடுங்கிய கண்களும் உடைய இளம்பெண். நான் பழக்கதோஷத்தில் ரஷ்ய மொழியில் காலை வணக்கம் சொன்னேன். என் மனைவி பின்னாலிருந்து கையைச் சுரண்டினாள்.

"இஞ்சருங்கோ, அது சீனப் பிள்ளை. அதோடை ஏன் ரஷ்யனிலை கதைக்கிறியள்?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். தமிழ் விளங்கியதால் அல்ல. எங்கள் முகங்களைப் பார்த்தே விடயத்தை ஊகித்துவிட்டாள். தன் பெயர் சர்தானா என்றும், ஊர் யாக்குத்தியா என்றும், இந்தக் கடைக்கு வரும் சீனர்கள் சீனத்திலும் வியட்நாமியர் வியட்நாமிய மொழியிலும் தன்னோடு பேசுவதாகவும், ரஷ்யரல்லாதவர்களில் முதல் தடவையிலேயே ரஷ்ய மொழியில் பேசிய ஆள் நான்தான் என்றும் சொன்னாள். நான் லேனா நதியின் ஒரு வளைவையும் அதன் கரையில் இருந்த ஒரு கிராமத்தையும் சொன்னேன். பாண் வெட்டும் கத்தியை அவள் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, அது என்ர அம்மாவின்ர ஊருக்கு அடுத்த ஊர்! அங்கை நீங்கள் ஆரின்ர வீட்டிலை இருந்தனீங்கள்? பேரைச் சொல்லுங்கோ, இண்டைக்கே அம்மாட்டைக் கேக்கிறன்."

(அவள் பேசியது ரஷ்ய மொழி. ஆனால் நான் நேசித்த ரஷ்யக் குரல்கள் யாவும் இந்த வயதில் என் செவிக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே ஒலிக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.)

"பேர் ஞாபகமில்லை, பிள்ளை," என்றேன்.

என்ன கேட்டாள் என்று மனைவி விசாரிக்க, இரண்டையும் தமிழில் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவனின் தகப்பனார் பெயரையும் சொல்லக்கூடியவன் நான். அந்த நினைவாற்றலை மணவறைக்கு முன்பிருந்தே அவளிடம் பெருமையடித்து வந்தவன். அந்தப் பெயர் எனக்கு மறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அதை ஒரு நாளும் மறக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பெயருக்கு வருமுன் அந்த நாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். யாக்குத்தியா ரஷ்யாவின் வடகிழக்கில் கிடக்கும் பெருநிலம். ஏறத்தாழ இந்தியாவளவு பெரியது. ஆனால் அன்று அங்கே வாழ்ந்தவர்கள் எங்கள் வட மாகாணத்துச் சனத்தொகைக்குமேல் இருக்கமாட்டார்கள். அந்நிலத்தின் மக்கள் தங்களைச் சாஹா என்று சொல்லிக்கொள்வார்கள். தங்களுக்குள் தங்கள் மொழியும் பிறரோடு ரஷ்யமும் பேசுவார்கள். ரஷ்யர்கள் மென்மயிர்த் தோல்களைத் தேடி அங்கே வந்து சேர்ந்தவர்கள். சார் மன்னர்கள் தங்களை எதிர்த்தவர்களை அங்கே நாடுகடத்தினார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் பள்ளி நடத்தினார்கள், அகராதி தொகுத்தார்கள். புரட்சிக்குப் பின்னைய காலத்தில் கைதிகளாக அனுப்பப்பட்டவர்களைப் பற்றி மட்டும் நான் இருந்த நாட்களில் எவரும் வாய் திறக்கவில்லை. காட்டுக்குள் போகும் பழைய சாலை ஒன்றைப் போட்டவர்கள் யார் என்று நான் ஒருமுறை கேட்டபோது கிடைத்த விடை இதுதான்: "றோட்டிலை போறதெண்டால் போ தம்பி. றோட்டைப் பற்றிக் கேக்காதை."

நதியே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நதிகளைப் படிக்கப் போனவன் நான். வழுக்கியாறு என்று ஒன்று எங்களுக்கு இருக்கிறது. மாரியில் இரண்டு மாதம் ஓடும், மற்ற நாட்களில் அதற்குள் மாடு மேயும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு லெனின்கிராட்டில் நீரியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. (லெனின்கிராட் என்ற பெயரில் இன்று ஒரு நகரமே இல்லை. என் பட்டச் சான்றிதழில் இருக்கும் ஊரும் நாடும் இரண்டும் உலக வரைபடத்திலிருந்து போய்விட்டன. இங்கே வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில் இதை விளக்குவதற்கு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.) நான்காம் ஆண்டு மாரியில், அங்கே மாரி என்றால் பனிக்காலம், செயன்முறைப் பயிற்சிக்காக என்னை லேனா நதிக்கரைக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டு மாணவனுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி கிடைப்பது அரிது. என் பேராசிரியர் எங்கே யாரைப் பிடித்து அதைப் பெற்றார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவர் என்மேல் வைத்த நம்பிக்கையாகவே அதை எடுத்துக்கொண்டேன். அந்த நம்பிக்கையும் ஒருவகையில் இந்தக் கதையில் பங்காளி.

அங்கே மைனஸ் ஐம்பது பாகையில் மூச்சு விட்டால் அது காதருகே உறைந்து மெல்லச் சரசரக்கும். நெல்லை முறத்தில் புடைக்கும்போது கேட்குமே, அந்த ஒலி. சந்தையில் பால் விற்பார்கள்; போத்தலில் அல்ல, தட்டில் உறையவைத்து எடுத்த வட்டங்களாக. மீன்களை வாலில் நிறுத்தி விறகுபோல் அடுக்கியிருப்பார்கள். வீட்டு முற்றங்களில் மதில்போலப் பனிக்கட்டிப் பாளங்கள் அடுக்கியிருக்கும். அதுதான் மாரி முழுவதற்கும் குடிநீர். காலையில் ஒரு பாளத்தைக் கொத்திக் கொண்டுவந்து அடுப்பில் உருக்குவார்கள். மூன்று காற்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, முழங்காலை மடக்க முடியாமல், ஒரு பாலகன் நடை பழகுவதுபோல நான் அந்த ஊருக்குள் நடந்து போன கோலத்தை நல்லவேளையாக யாரும் படம் பிடிக்கவில்லை.

என்னை ஏற்றுக்கொண்ட வீட்டின் தலைவி மார்ஃபா செமியோனொவ்னா. இதுதான் அந்தப் பெயர். அவர்கள் மரியாதைக்குரியவரைத் தகப்பன் பெயரும் சேர்த்தே அழைப்பார்கள். நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கலாம். குள்ளமான, அகன்ற தோள் கொண்ட சாஹாப் பெண். அந்த நதி வளைவின் நீர்நிலைக் கண்காணிப்பாளர். தினம் காலையும் மாலையும் நதியின் மட்டத்தை அளக்கவேண்டும். மாரியில் ஐந்து நாளுக்கு ஒருமுறை பனிக்கட்டியை அலவாங்கு என்னும் கடப்பாரையால் துளைத்து, கொக்கி வைத்த கோலை உள்ளே விட்டு, நதி எத்தனை சென்ரிமீற்றர் உறைந்திருக்கிறது என்று எழுதவேண்டும். ரெக்சின் அட்டை போட்ட கொப்பி ஒன்றில் பென்சிலால் எழுதுவார். மை உறைந்துவிடும் என்பதால் பென்சில். பத்தொன்பது மாரிகளின் கொப்பிகள் அந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன.

அந்தக் கொப்பிக்கு அரசாங்கத்தைவிட அந்த ஊரில் மதிப்பு அதிகம். ஏனென்றால் அங்கே மாரியில் நதிதான் சாலை. கோடையில் படகு, மாரியில் பனிக்கட்டியின் மேலே லொறி, வேறு வழியில்லை. மாவும் மருந்தும் எண்ணெயும் அந்த லொறிகளில்தான் வரும். சாரதிகள் நதிக்குள் இறங்குமுன் மார்ஃபாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், கதவைத் தட்டுவார்கள். அவர் சொல்லும் எண்ணைக் கேட்டபிறகுதான் போவார்கள். போகும்போது இரு பக்கக் கதவுகளையும் திறந்துவைத்தே ஓட்டுவார்கள், பனிக்கட்டி உடைந்தால் வெளியே பாய்வதற்கு. ஊர்த் தலைவர் பலகையில் ‘பாதை திறந்தது’ என்று எழுதியிருந்தாலும் மார்ஃபா தலையசைக்கும்வரை எவனும் இறங்கமாட்டான்.

"தலைவர் எழுதினது சோக்கட்டி. நான் எழுதிறது பனிக்கட்டி," என்று அவர் சிரிப்பார்.

அவருடைய கணவர் யெகோர். அவரும் லொறிச் சாரதி. சாலையைப் பற்றிக் கேட்காதே என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். பேச்சுக் குறைவு, பேசினால் கேலி. நான் மேசையில் உட்கார்ந்ததும் உறைந்த மீனைக் கத்தியால் மெல்லிய சுருளாகச் சீவி உப்பும் மிளகும் தூவித் தருவார். பச்சை மீன். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

"மார்ஃபா, தெற்குப் பொடியன் சாமி கும்பிடுறான் பார்," என்றார்.

அந்த வீட்டில் நான் நான்கு மாதம் இருந்தேன். அந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என்னை மகனாகப் பார்த்தார்கள் என்றெல்லாம் எழுதமாட்டேன். அவர்கள் அப்படி மிகைப்படுத்துகிறவர்கள் அல்லர். ஒழுங்காகச் சாப்பிட வைத்தார்கள், காது விறைக்காமல் பார்த்துக்கொண்டார்கள், எதையும் மறைக்கவில்லை. கடைசியில் சொன்னதுதான் முக்கியம்.

மார்ஃபாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது. மைனஸ் ஐம்பதுக்குக் கீழே போனால் வெளிக்காற்றைச் சுவாசிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் யெகோர் லொறியை எடுக்கப் போகும் வழியில் நதிக்குள் இறங்கி அளந்து வந்து எண்ணைச் சொல்வார்; மார்ஃபா கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுவார். ஒரு மாரியில் அப்படியான நாட்கள் மூன்றோ நான்கோ வரும். இதை அவர்களே என்னிடம் தேநீர் குடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"இவர் அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் குறைச்சுத்தான் சொல்லுவார்," என்றார் மார்ஃபா. "அந்தப் பனியிலை வண்டி ஓட்டப்போறவன் எல்லே? பயத்திலை குறைச்சுச் சொல்லுவார். நான் ஒண்டைக் கூட்டி எழுதுவன்."

"கூட்டாதை எண்டு இருபது வருசமாய்ச் சொல்லுறன்," என்றார் யெகோர்.

நான் இருந்தபோது அந்த நாட்களில் யெகோரோடு நானும் இறங்கினேன். அவர் அலவாங்கு போடும் நேர்த்தியும், துளைக்குள் மிதக்கும் பனித்தூளை அகப்பையால் அள்ளும் நிதானமும் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. அவருடைய அளவு தவறானதே அல்ல. இதை நான் அன்றே அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லி ஒதுங்க எனக்கு வழியில்லை.

பயிற்சி முடிந்து லெனின்கிராட் திரும்பியதும் அறிக்கை எழுதவேண்டும். அந்த அறிக்கைக்கு ஒரு மாறாத வடிவம் உண்டு: இடத்தின் விபரம், வேலையின் விபரம், அளவீடுகள், வரைபடங்கள், கடைசியில் ‘கவனித்த குறைபாடுகள்’ என்றொரு பகுதி. அந்தப் பகுதியை வெறுமையாக விடமுடியாது. ஆகவே எல்லா மாணவர்களும், எந்த நிலையத்துக்குப் போனாலும், அதில் ஒரே வாக்கியத்தை எழுதினார்கள்: ‘சுவர்ப் பத்திரிகை ஒழுங்காக வெளியிடப்படுவதில்லை.’ (அலுவலகச் சுவரில் ஊழியர்கள் எழுதி ஒட்டும் செய்தித்தாளை அப்படிச் சொல்வார்கள்.) அதைப் படித்து எவரும் எதுவும் செய்யப்போவதில்லை என்பது எழுதியவனுக்கும் தெரியும், திருத்தியவருக்கும் தெரியும். ஒரு நாட்டையே அப்படி நாசூக்காக நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மட்டும் அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கமாட்டேன் என்றே அஞ்சுகிறேன். நான் யாழ்ப்பாணத்தின் நல்ல கல்லூரி ஒன்றில் படித்தவன். வினாத்தாளில் கேட்டால் விடை எழுதவேண்டும். கேட்ட வினாவுக்கு மழுப்பல் விடை எழுதுகிறவன் இரண்டாம் பிரிவு. இப்படி வளர்க்கப்பட்ட தலை அது. குறைபாடு என்ன என்று கேட்கிறார்கள். ஆகவே ஒரு குறைபாட்டைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். அந்த வளைவில் வேறு குறைபாடே இருக்கவில்லை. மூன்றாம் நாள் எழுதினேன்: ‘கடுங்குளிர் நாட்களில் பனிக்கட்டியின் தடிப்பு கண்காணிப்பாளரால் நேரில் அளக்கப்படுவதில்லை, பதவியில் இல்லாத அவருடைய கணவரால் அளக்கப்படுகிறது.’

ஒரேயொரு வாக்கியம். முற்றிலும் உண்மையானது. ரஷ்ய மொழியில் பிழையின்றி அமைந்த வாக்கியம் என்று அன்று எனக்குப் பெருமிதமாகக்கூட இருந்தது. அறிக்கைக்கு ஐந்து புள்ளி, அதாவது முழுப் புள்ளி. துறைக் கூட்டத்தில் அதை முன்மாதிரியாக வாசித்தார்கள். பேராசிரியர் என் தோளில் தட்டினார். ஒரு பிரதி வழக்கம்போல் அந்த வட்டார நிர்வாகத்துக்கு அஞ்சலில் போயிற்று. அதைப் பற்றி நான் பிறகு நினைக்கவேயில்லை.

மறு வருடம் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்த விக்தர் என்ற ரஷ்ய இளைஞன் அதே நதியில் கீழேயுள்ள ஓர் ஊருக்குப் பயிற்சிக்குப் போய், வழியில் மார்ஃபாவின் வீட்டிலும் தங்கி வந்தான். விடுதிச் சமையலறையில் நான் பருப்பை வைத்து ரசம் என்று ஒன்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வந்தான். கையில் ஒரு பொதி.

"உன்ர பேரிலைதான் அந்த அறிக்கை. நீயே எழுதினனி?" என்றான்.

"ஓம்," என்றேன், பாராட்டப்போகிறான் என்ற நினைப்போடு.

"சுவர்ப் பத்திரிகை எண்டு எழுதத் தெரியாதோ உனக்கு? எல்லாரும் அதைத்தானே எழுதுறவங்கள்!"

பிறகு நின்றபடியே சொன்னான். இலையுதிர்காலத்தில் மேலதிகாரி ஒருவர் படகில் வந்தாராம். என் வாக்கியத்தை மார்ஃபாவின் மேசையில் வைத்து உரக்க வாசித்தாராம். உண்மையா என்று கேட்டிருக்கிறார். உண்மை என்று மார்ஃபா சொல்லியிருக்கிறார். பொய்ப் பதிவு என்று குறித்து, அவரை நீக்கி, கண்காணிப்பை நதியில் கீழே வேறோர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கோலையும் பத்தொன்பது மாரிக் கொப்பிகளையும் நான் இருந்த மாரியின் கொப்பியையும் தகரப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் முழுவதும் கரையில் நின்று பார்த்ததாம்.

"யெகோர் என்ன சொன்னவர்?"

"மீன் சீவித் தந்தார்."

"மார்ஃபா?"

"தெற்குப் பொடியன் சுகமோ, காது விறைச்சதெல்லாம் மாறீட்டுதோ எண்டு கேட்டவ." பொதியை மேசையில் வைத்தான். "உனக்குக் குடுக்கச் சொன்னவ."

உள்ளே நாய்த்தோலில் தைத்த ஒரு சோடிக் கையுறை. நான் அங்கிருந்த கடைசி வாரத்தில் அவர் என் கையை மேசையில் விரிக்கச் சொல்லி நூலால் அளந்திருந்தார். அளந்ததைத் தைத்து முடித்துவிட்டார். இடையில் நடந்தது அவருடைய கணக்கில் வேறு. என் கைக்கு அது மிகச் சரியாக இருந்தது. நான் அதை ஒரு நாளும் அணிந்து வெளியே போகவில்லை. பட்டம் பெற்றுப் புறப்படும்போது விடுதி அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அப்போது எழுதினால் என்ன எழுதுவது? நான் எழுதியது பொய் என்றா? அது பொய்யில்லையே. உண்மை என்றா? அது அவருக்கே தெரியும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘நான் வெட்கப்படுகிறேன்’ என்பது அது. ரஷ்ய மொழியில் அது மிகச் சிறிய வாக்கியம். தேர்வு வந்தது, பிறகு ஊரில் போர் வந்தது, பிறகு இந்த நாடு. இங்கே நீர்வடிகால் பொறியியலாளராக முப்பது வருடம் வெரிபீயில் உள்ள கழிவுநீர் நிலையத்துக்கும் வீட்டுக்குமாய் ஓடினேன். சங்கக் கூட்டங்களிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் பச்சை மீனையும், உறைந்த பால் வட்டங்களையும், மூன்று காற்சட்டையையும் சொல்லிச் சொல்லிச் சனங்களைச் சிரிக்கவைத்தேன். சைபீரியாவைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு குறையும் கேட்டதில்லை. அந்தக் கதைகளில் மார்ஃபாவுக்குப் பெயரே கிடையாது. ‘ஒரு வீட்டுக்காரி’ என்று சொல்லிக் கடந்துவிடுவேன்.

கார்னகியிலிருந்து வீடு திரும்பிய அன்று மனைவி குசினியில் மீனைப் பிரித்தபடி கேட்டாள். "அந்தப் பிள்ளை பேர் கேக்க ஏன் பொய் சொன்னனீங்கள்?"

முப்பத்தாறு வருட மணவாழ்வில் முதல் தடவையாகச் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஒரு கடிதம் போட ஏலாமல் போச்சோ?" என்றாள் பிறகு.

"உமக்கு விளங்காது. பேருள்ள மனுசன் எப்பிடி..."

"என்ன பேர்? சைபீரியா அங்கிளோ?" என்றாள். "உந்தப் பேரைக் காப்பாத்தவோ அந்த மனுசியின்ர பேரை வாயிலை வைச்சு முழுங்கினனீங்கள்?"

இரண்டு கிழமை கழித்துத் தனியாகக் கார்னகிக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், பாணுக்குப் பதிலாக அந்தப் பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரும் சேர்த்துச் சொன்னேன். ஏன் கேட்கிறேன் என்பதையும், எனக்குப் பின்னால் நின்ற கிழவிக்கும் கேட்கும்படி, சொல்லி முடித்தேன். சர்தானா ஒரு துண்டில் எழுதிக்கொண்டாள்.

நான்கு நாளில் அவளுடைய தாயின் குரல்பதிவு வந்தது. வேலை முடிந்து கடைவாசலில் நின்று அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். தாய் மார்ஃபாவின் ஊர்ப் பள்ளியில் படிப்பித்தவர், அவசரப்படாமல் பேசினார். மார்ஃபா செமியோனொவ்னா இறந்து சில மாரிகள் ஆகின்றன. யெகோர் அவருக்கு முன்பே போய்விட்டார். கீழூருக்கு மாற்றிய கண்காணிப்பு நிலையம் நாடு உடைந்த காலத்தில் ஆளில்லாமல் மூடப்பட்டது.

"ஆனால் மார்ஃபாக்கா விடேல்லை," என்றது குரல். "வேலையாலை நிப்பாட்டின அந்த மாரியே யெகோர் ஒரு தடியிலை சூட்டு ஆணியாலை கோடு போட்டுக் குடுத்தவர். ஐஞ்சு நாளுக்கு ஒருக்கால் இறங்கி அளந்து பள்ளிக்கூடக் கொப்பியிலை எழுதுவா. லொறிக்காரர் கடைசிவரைக்கும் அவவிட்டைத்தான் கேட்டவங்கள். யெகோர் செத்தாப்போலை, கடுங்குளிர் நாளிலை நாங்கள் பெண்டுகள் முறைபோட்டு இறங்கினனாங்கள். நானும் அளந்திருக்கிறன். நாங்கள் சொல்ல அவ எழுதுவா."

அந்தக் கொப்பிகள் எங்கே என்று கேட்கச் சொன்னேன். பதில் வருமுன்பே மறுபடியும் கேட்கச் சொன்னேன். ஏனென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒரே வளைவில், ஒரே முறையில், ஐந்து நாளுக்கு ஒருமுறை, இத்தனை மாரிகள் விடாமல் எடுத்த அளவீடு என்பது எங்கள் துறையில் தேடினாலும் கிடைக்காத செல்வம். நதிகள் பிந்தி உறைந்து முந்தி உருகுகின்ற இந்த நாட்களில் அதன் பெறுமதி என்னவென்று சொல்ல நான் தகுதியுள்ளவன். வாழ்க்கை முழுவதும் வேறு எதிலும் இல்லாவிட்டாலும் இதில் தகுதியுள்ளவன்.

விடை அங்கேயே வந்தது. சில வருடங்களுக்கு முன் வசந்தத்தில் பனிக்கட்டி நகரும்போது பாளங்கள் வளைவில் சிக்கி நதி கரைமீறியது. கரையோர வீட்டு வரிசை முழுவதையும் பாளங்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டன. அந்தக் கொப்பிகள் கிடந்த மார்ஃபாவின் பூட்டிய வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. ஊரை இப்போது மேட்டு நிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். பனிச்சாலை முன்னைப்போல் காலத்துக்குத் திறப்பதில்லையாம். எத்தனை நாள் பிந்துகிறது என்று அறிய நகரத்திலிருந்து சிலர் வந்து பழைய அளவுகள் யாரிடமாவது உண்டா என்று வீடு வீடாகக் கேட்டுத் திரும்பினார்களாம்.

மறுநாள் பகல் முழுவதும் கணினிக்கு முன் உட்கார்ந்து, அந்த நதியின் பழைய அளவீடுகள் எங்காவது வெளியிடப்பட்டிருக்கின்றனவா என்று தேடினேன். இருந்தது. அந்த வளைவும் இருந்தது. அரசாங்கம் தூக்கிச் சென்ற பத்தொன்பது கொப்பிகளும், நான் இருந்த இருபதாவது மாரியும் நிரல் நிரலாக அச்சாகியிருந்தன. அந்தக் கடைசி மாரியில் ஐம்பது பாகைக்குக் கீழான நாட்களையும் என்னால் இனங்காண முடிந்தது. யெகோர் சொன்ன எண்ணோடு ஒன்று கூட்டிய எண்கள். அதற்குக் கீழே அட்டவணையில் ஒன்றுமில்லை. அதன் பின்னர் அந்த வளைவில் லேனா எந்த மாரியில் எவ்வளவு உறைந்தது என்பது ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. இனி அது எவருக்கும் தெரியாது.